எத்தனையாவது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பையன் பரீட்சை எழுதிவிட்டு வந்தால், பெற்றோர் கேட்பது "எத்தனையாவது?" என்பதுதான். அவர்கள் ஒரு சென்னைக்காரரின் கதையைக் கேட்க வேண்டும்.

டென்னிஸ் வீரர் ஸ்ரீ பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 1989-ல் பிறந்தவர். இடது கை ஆட்டக்காரர். வாலிபத்தின் நல்ல ஆண்டுகள் பலவற்றை முழங்கால் காயங்கள் விழுங்கிவிட்டன. பிறர் ஓய்வைப்பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதில் இவர் மேலே ஏறலானார். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலப் பதக்கம்; 2019 ஏப்ரலில் உலக வரிசையில் 75-ஆவது ஸ்தானம். அவ்வாண்டு ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் பந்தயங்கள் நான்கிலும் ஆடினார். நான்கிலும் முதற் சுற்றிலேயே தோற்றார். 2024-ல் ஓய்வு பெற்றார்.

"தோற்றவர்தானே?" என்பீர்கள். அப்பந்தயங்களில் இறங்குவோர் 128 பேர். அவர்களில் 64 பேர் முதற் சுற்றோடு திரும்புகிறார்கள். அவர்கள் இல்லையேல் பந்தயம் ஏது? ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரைப் பாருங்கள். வடத்தின் முன் முனையைப் பிடிப்பவர் சிலரே. தேரை நகர்த்துகிறவர்கள் அவர்கள் மட்டுமா?

ஆகவே நேயர்களே, அடுத்த பரீட்சையின்போது பையனிடம் வேறொன்று கேளுங்கள்: "போன தடவை விழுந்த இடத்திலிருந்து எழுந்தாயா, அப்பா?" அதற்கு அவன் சொல்லும் பதிலில்தான் அவனுடைய உண்மையான மார்க்கு இருக்கிறது.