தடி பிடித்த கை

தோழனே!

காவல் துறையினரின் மனநிலை குறித்து இன்று உன்னிடம் பேசப் போகிறேன் என்றால், உன் உதட்டில் கசந்த புன்னகை நெளியும். அறிவேன். "ஊர்வலத்தில் நம் தோளில் தடி இறங்கியபோது நம் மனநிலையைக் கேட்டவர் யார்? அடித்தவன் நெஞ்சம் மலர்ந்திருந்தால் என்ன, மாய்ந்திருந்தால் என்ன?" என்று கேட்பாய். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், தடியைக் கண்ட கண், தடி பிடித்த கையையும் காண வேண்டாமா? அந்தக் கைக்குரியவனின் காய்ந்த வயிற்றை, குமுறும் நெஞ்சை, அந்த நெஞ்சை நசுக்கும் மேலிடத்தைக் காண வேண்டாமா? காணத்தான் வேண்டும். அங்கே விதைக்கப்படுவதை அறுவடை செய்பவர்கள் நாமல்லவா!

கடல் கடந்து செல்வோம், வா. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் மாநகர், ஆண்டு 1919. முதல் உலகப் போர் முடிந்து, விலைவாசி விண்ணை முட்டி நிற்கிறது. அந்நகரக் காவலனுக்கு வாரத்தில் 73 மணி முதல் 98 மணி வரை வேலை. உடுத்தும் சீருடைக்குக் கைப்பணம். படுக்கும் நிலையத்திலோ எலியும் பூச்சியும் பங்காளிகள்! முறையிட்டான், காத்திருந்தான், பயனில்லை. ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தோடு இணைந்து சங்கம் கண்டான்.

சீறினார் கமிஷனர் எட்வின் கர்ட்டிஸ். சங்கத்தின் முன்னணியினர் 19 பேரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார். மேயர் அமைத்த குழு சமரசம் சொன்னது; கமிஷனர் செவி சாய்க்கவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் மாலை, 1,544 காவலரில் 1,117 பேர் பணியை விட்டு வெளியேறினர். இரவு வந்தது, கூடவே சூறை வந்தது. கடைகள் கொள்ளை போயின. மாநிலப் படை இறங்கியது; துப்பாக்கிகள் வெடித்தன; உயிர்கள் பலியாயின. வெளியேறியவர்களுக்கு மீண்டும் அந்தச் சீருடை கிடைக்கவே இல்லை. ஆளுநர் கால்வின் கூலிட்ஜோ, கண்டிப்பானவர் எனப் பெயரெடுத்தார். அந்தப் பெயரே ஏணியாயிற்று. 1923இல் குடியரசுத் தலைவரானார்!

கதை முடிந்ததா? இல்லை. வெளியேற்றப்பட்டவர் இடத்தில் புதியவர்களைச் சேர்த்தனர். அவர்களுக்கு உயர்ந்த ஊதியம், சீருடை இலவசம். பழையவன் கேட்டது அத்தனையும் கிடைத்தது, புதியவனுக்கு! கேட்டது நியாயமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஊரைத் திறந்து போட்டுச் சென்றது சரியென்று நான் சொல்லவில்லை. அதற்கு விலை தந்தவர்கள் ஏதுமறியா மக்கள். ஆனால் தட்டியபோது கதவைத் திறவாதவர், சுவர் இடிந்ததென்று அலறுவது என்ன நீதி?

அதற்கு முந்திய ஆண்டு, 1918 ஆகஸ்டில், இலண்டன் காவலர் ஆயிரமாயிரமாக வேலைநிறுத்தம் செய்தனர். பிரதமர் லாயிட் ஜார்ஜ் அவர்களை அழைத்துப் பேசினார், ஊதியம் உயர்ந்தது, கமிஷனர் எட்வர்டு ஹென்றி பதவி துறந்தார். 1919இல் டெஸ்பரோ குழு ஊதியத்தை ஆராய்ந்து உயர்த்தியது. சங்கத்தைத் தடுத்த அந்நாட்டுச் சட்டம், குறைகளை எடுத்துரைக்கக் காவலர் கூட்டமைப்பு ஒன்றையாவது தந்தது. வாயைக் கட்டினாலும் மூச்சுவிட வழி வைத்தனர்!

நம் நாட்டு நிலை என்ன? 1857 எழுச்சியைக் கண்டு மிரண்ட வெள்ளையர் ஆட்சி, 1861இல் போலீஸ் சட்டம் செய்தது. மக்களுக்குத் துணைவனை அல்ல, ஆள்வோருக்கு ஏவலனை உருவாக்கிய சட்டம்! விடுதலைக்குப் பிறகு, 1977இல் தர்மவீரா தலைமையில் தேசியப் போலீஸ் கமிஷன் அமைந்தது. அதன் முதல் அறிக்கை, 1979 பிப்ரவரியில், கடைநிலைக் காவலனின் அவலத்தைத்தான் பேசிற்று. அதே ஆண்டு பல மாநிலங்களில் காவலர் கொந்தளித்தனர். தமிழகத்தில் அதிகாரி வீட்டு எடுபிடியாகக் காவலனை வைக்கும் ஆர்டர்லி முறை அந்த 1979இலேயே ஒழிக்கப்பட்டது. ஒழிந்ததா? ஏட்டில் ஒழிந்தது, வீட்டில் ஒழியவில்லை! 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது.

எண்ணிப் பார். மேலதிகாரி, ஆய்வாளரை ஏசுகிறார். ஆய்வாளர், ஏட்டை ஏசுகிறார். ஏட்டு, காவலனை ஏசுகிறார். காவலன் யாரை ஏசுவான்? வண்டிக்காரனை, நடைபாதை வியாபாரியை, உன்னை! பள்ளத்தை நோக்கித்தான் பாயும் வெள்ளம், அவமானமும் அப்படியே. மதிக்கப்படாதவன் மற்றவனை மதிக்கக் கற்பது எங்ஙனம்?

"அப்படியானால் அடித்தவனை மன்னித்துவிடலாமா?" என்று நீ கேட்கக்கூடும். கூடவே கூடாது! கொட்டடியில் ஓர் உயிர் போனால், அதை மறைப்பது தலைமை அல்ல; கூட்டுக் கொள்ளை. உழைப்புக்கு ஓய்வு, உழைப்பவனுக்கு மதிப்பு, தவறுக்குத் தண்டனை, அதுவும் தொப்பியின் உயரம் பாராமல்! இந்த மூன்றும் சேர்ந்ததே தலைமை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் நீதி நிலவும் இடத்தில் ஒழுங்கு வளராது, அச்சம் வளரும், அச்சத்தின் நிழலில் வன்மம் வளரும்.

இறுதியாக உனக்கொரு சொல், கசக்கும், பொறுத்துக்கொள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: காவல்துறைத் தலைவர் முதல் நிலைய அதிகாரி வரை, களத்தில் பொறுப்பு வகிப்போருக்குக் குறைந்தது ஈராண்டுப் பதவிக்காலம் வேண்டும், இடமாற்றத்தை ஒரு வாரியம் பார்க்க வேண்டும். எதற்காக? அதிகாரத்தின் வாசலில் நிற்போர் விருப்பத்திற்கு அதிகாரிகளைப் பந்தாடக் கூடாது என்பதற்காக! அந்த வாசலில் நிற்பவர் யார்? மாற்றார் மட்டுந்தானா? "நம்ம ஆளை விட்டுவிடுங்கள்" என்று நிலையத்திற்குத் தொலைபேசியில் சொல்பவர், "இந்த ஆய்வாளர் நமக்கு ஒத்துவரமாட்டார்" என்று பரிந்துரைக் கடிதம் தேடுபவர், நம்மிடையே ஒருவரும் இல்லையா?

நெஞ்சில் கைவைத்துச் சொல். சட்டத்திற்குப் பணிந்த அதிகாரியை நீ இன்று தூக்கியடிக்கச் சொன்னால், அங்கே வந்து அமர்பவன் ஆளுக்குப் பணிபவன். இன்று உன் ஆளுக்கு. நாளை உன் பகைவனுக்கு! அன்று அந்தத் தடி உன் தோளைத் தேடி வரும். அதைத் தடுக்கும் ஆற்றல், நேர்மையாளன் நிமிர்ந்து நிற்கும் நிலையத்திற்கே உண்டு.

ஆகவே தோழனே, அந்தத் தொலைபேசியைக் கீழே வை!