அழகின் வக்கீல்கள்

பந்தயக் கார் அழகாக இருக்க வேண்டுமாம்! 2018-ல் ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுபவனின் தலைக்கு மேலே 'ஹேலோ' என்ற டைட்டானிய வளையத்தைக் கட்டாயமாக்கியபோது எழுந்த ஒப்பாரி இது. ரப்பர்ச் செருப்பின் வார் மாதிரி இருக்கிறது என்று பரிகசித்தார்கள். ஆபத்தைத் துடைத்துவிட்டால் பந்தயத்தில் வீரம் ஏது என்று தத்துவமும் பேசினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தவன்தான். ஆகவே அவர்களைத் திட்டும் உரிமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அடுத்தவன் தலையைப் பணயம் வைத்து நாம் அனுபவிக்கும் சுவாரசியத்துக்கு வீரம் என்று பெயர் வைத்ததே அயோக்கியத்தனம்.

அந்த வளையத்தின் எடை சுமார் 7 கிலோ. ஏறக்குறைய 12 டன் பாரத்தை அது தாங்க வேண்டும். அது தாங்கினால் மட்டும் போதுமா? அது உட்கார்ந்திருக்கும் கார்பன் நார்க் கூடும் தாங்க வேண்டும். அதற்கென்று ஒருவன் கணக்குப் போடுகிறான். கூட்டைக் கணிப்பொறிக்குள் எண்ணற்ற சிறு துண்டுகளாக அரிந்து, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கிறான். 1950-களில் விமானக்காரர்கள் இறக்கைக்காகக் கண்ட வழி இது. பிறகு நிஜக் கூட்டையே அழுத்தியும் மோதியும் காட்டியாக வேண்டும். கணக்குப் பிசகினால் அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும்.

"எல்லாம் கணிப்பொறி செய்கிறது, இவனுக்கென்ன?" என்பார்கள் வக்கீல்கள். கேட்டதற்குத்தான் ஐயா அது பதில் சொல்லும்! கூட்டை எங்கே பிடித்துக்கொள்வது, அடி எந்தத் திசையிலிருந்து விழுகிறது, ஒட்டிய இடம் முதலில் விடுமா, நார் முதலில் அறுமா? இதையெல்லாம் யோசிக்க வேண்டியவன் மனுஷன். தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும் சிவப்பும் நீலமுமாக அது வர்ணப்படம் போட்டுக் கொடுத்துவிடும். அந்த அழகில் மயங்காமல் இருப்பதுதான் அவன் தொழில்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். முதல் சுற்றிலேயே ரோமன் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு நுழைந்து, இரண்டாக முறிந்து தீப்பற்றியது. தலைக்கு வந்த இரும்பை வளையம் விலக்கியது. ஏறக்குறைய 28 வினாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு, ஒரு காலணி உள்ளேயே சிக்கிக்கொள்ள, கைகள் வெந்து வெளியே வந்தார் அந்த மனிதர். முன்பு அவரும் வளையம் வேண்டாம் என்றவர்தான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தம் தவற்றை வாய்விட்டு ஒப்புக்கொண்டார். நம் ரசிகசிகாமணிகளில் எத்தனை பேருக்கு அந்த மனசு வந்தது?

எனக்கு அந்த வளையம் இன்றும் அழகாகப் படவில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?