எழுப்பிய பறவையும் எழுந்த பறவையும்

யான் வங்காலையில் எடுத்த காட்டுத் தாராக் கூட்டத்தின் நிழற்படத்தை இம்மலரின் அட்டையில் இடுவதற்குத் தந்துதவுமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். பழைய மாணவர் மன்றத்தின் சுவரிற் சில ஆண்டுகளாகத் தொங்கும் அப்படத்தை அன்பர் பலர் கண்டிருப்பர். ஊசிவால் தாராக்கள் நூற்றுக்கணக்கில் ஒருங்கே நீரைவிட்டெழுந்து, காண்போர் முகத்தை நோக்கிப் பறந்து வருவதுபோல அமைந்த படம் அது. அதனைத் தர மறுத்துவிட்டேன். மறுத்தது அடக்கத்தால் அன்று. அது பிழையான வழியிற் பெற்ற படம். அவ்வாறாயின் அக்காரணத்தையே எழுதித் தருக எனக் குழுவினர் பணித்தமையால் இதனை எழுதலானேன்.

திருக்கேதீச்சரத்தில் வழிபாடு முடித்து அப்பால் மன்னார் நகருக்கும் சென்று வந்தோர், தீவை இணைக்கும் கடல்வீதியை அடையுமுன் இருமருங்கும் பரந்து கிடக்கும் சேற்று வெளியையும் ஆழமற்ற களப்பு நீரையும் வாகனத்தின் யன்னலூடாகப் பார்த்திருப்பர். ‘உவர் நிலம், ஒன்றுக்கும் உதவாது’ என்று சொல்லியும் இருப்பர். அவ்வெளியே வங்காலைச் சரணாலயம். ஏறக்குறைய 4,800 ஹெக்டயர் பரப்புடையது. 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. 1971 இல் ஈரான் நாட்டு றம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின்கீழ் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பதியப்பட்டது. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று நாம் தள்ளியதைச் சைபீரியாவின் பறவைகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவை வரத் தொடங்கும். கூரிய வாலுடைய ஊசிவால் தாரா, நெற்றியில் நாமமிட்டாற்போல வெளிறிய கோடுடைய நாமத்தலைத் தாரா, அகப்பை போன்ற அலகுடைய தட்டைவாயன், அரைக் கிலோகிராமும் நிறையாத நீலச்சிறகி ஆகியவை வட ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருபவை. வரும்போது ஆண்பறவைகளும் பெட்டைகளைப் போல மங்கிய இறகுடனேயே காணப்படும். மார்கழி, தை மாதங்களிலே அவற்றின் மணக்கோலம் நிறைவெய்தும். பங்குனியில் மீண்டும் அதே நெடுவழிப் பயணம். இடைப்பட்ட சில மாதங்களில் அவை செய்யவேண்டியன இரண்டே: உண்டு கொழுப்பைச் சேர்த்தல், சேர்த்ததை வீணாக்காது ஓய்ந்திருத்தல். பெரும்பாலும் இரவில் மேய்ந்து பகலில் நீர்ப்பரப்பிற் கூட்டமாக உறங்குவது இக்காலத்தில் இவற்றின் வழக்கம்.

பறக்கும் தாராவைப் படமெடுத்தல் எளிதன்று. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகம் அதற்குப் பெரிதன்று. அவ்வேகத்தில் அது ஒரு செக்கனில் 20 மீற்றரைக் கடக்கும். கமராவின் மூடி ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரமே திறந்திருப்பினும், குறுக்கே போகும் பறவை அதற்குள் 2 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். ஆதலின் இரண்டாயிரத்திலொரு பங்கு நேரம் வேண்டும். அதற்கேற்ற வெளிச்சம் வேண்டும். பறவையின் போக்கோடு கமராவைத் திருப்பும் கைப்பழக்கமும் வேண்டும். படச்சுருள் காலத்தில் 36 படங்களில் ஒன்று தேறினால் அன்றிரவு நித்திரை வராது. இன்றைய இலக்கமுறைக் கமராக்களுட் பல, செக்கனுக்கு 20 படம் எடுக்கின்றன. பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. கருவியின் குறைகள் இவ்வாறு தீர்ந்தபின் எஞ்சியிருப்பது பறவையின் குறை மட்டுமே: நாம் விரும்பும் நேரத்தில் அது எழுவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வாகனத்தில் வந்திறங்குவோர் காண்பது, அலகை முதுகிறகிற் புதைத்து உறங்கும் கூட்டத்தையே. அப்பொழுதுதான் கல்லெறியத் தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியது. 2016 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிறு. நண்பர் ஒருவரின் மகனை மறுகரைக்கு அனுப்பி, கையைத் தட்டிக்கொண்டு நீரில் இறங்கி நடக்கச் சொன்னேன். யான் இக்கரையிற் காத்திருந்தேன். கூட்டம் முழுவதும் என்னை நோக்கி எழுந்தது. சுவரிலே தொங்கும் படம் அதுவே. அத்துடன் விட்டேனா? இல்லை. பறவைகள் வட்டமிட்டு மீண்டும் இறங்கின. இன்னும் நன்றாக அமையலாம் என்ற ஆசையால் மீண்டும் எழுப்பினேன். இவ்வாறு நான்கு முறை. ஐந்தாம் முறை எழுந்தவை கடலை நோக்கிப் போயின. பொழுது சாயும்வரை அந்நீருக்குத் திரும்பவில்லை. வீச்சுவலையைத் தோளிலிட்டுக்கொண்டு கரையோரமாக வந்த முதியவர் ஒருவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். “தம்பி, இரவிலதானே அதுகள் மேயப் போறது, பகலில கொஞ்சம் கண்ணயர விடுங்கோவன்” என்று மட்டும் சொல்லி அப்பாற் போனார். அவர் அந்நீரிலே நாள்தோறும் வலை வீசுபவர். அவர் இறங்கியபோது ஒரு பறவையும் எழவில்லை என்பதை யான் அன்று காலையிற் கண்டிருந்தேன்.

அப்படத்தின் கீழ் யான் எழுதிய தலைப்பு ‘சுதந்திரச் சிறகுகள்’ என்பது. இப்போது நினைக்க நாணமாக உள்ளது. அப்பறவைகள் அஞ்சி ஓடின. யான் அதனைச் சுதந்திரம் என்று பெயரிட்டுச் சுவரில் மாட்டினேன். பறவைக்குச் செய்த இடர் ஒருபுறமிருக்க, பார்த்தவர்க்குச் சொன்ன பொய்யும் அதிலுண்டு.

பறவையின் பறப்பைப் படமாக்க அமைந்த முதற் கருவிகளுள் ஒன்று துப்பாக்கியின் உருவிலேயே அமைந்தது என்பது பலர்க்கு வியப்பாகலாம். எத்தியேன் யூல் மாரே என்னும் பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் 1882 இல் அதனை அமைத்தார். குழலிலே வில்லை, விசையை இழுத்தால் ஒரு செக்கனில் 12 படங்கள் சுழலும் தட்டிற் பதியும். சிறகு எவ்வாறு மேலெழுந்து கீழிறங்குகிறது என்பதை அறிவதே அவர் நோக்கம். அவர் துப்பாக்கியின் உருவத்தை எடுத்துக்கொண்டார். நாமோ வேட்டைக்காரரின் உபாயத்தையே எடுத்துக்கொண்டோம். மறுகரையில் ஆளை நிறுத்தி, தாராவை எழுப்பி, துப்பாக்கியுடன் மறைந்திருப்பவர் பக்கம் விரட்டுவது வேட்டையிற் பழைய முறை. அன்று யான் செய்ததில் வெடியோசை ஒன்றுதான் குறைவு. இப்போது ஆளுக்குப் பதில் ‘ட்ரோன்’ என்னும் ஆளில்லா வானூர்தி. கைதட்டல் தேவையில்லை, அதன் இரைச்சலே போதும்.

நேர்மையான வழி உண்டா எனின், உண்டு. வைகறையில் எழும் வருத்தம் ஒன்றே அதன் விலை. தாரா நீரிலிருந்து எழும்போதும் நீரில் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செல்லும். மார்கழி, தை மாதங்களில் இங்கு வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆகவே விடியுமுன் நீரின் கீழைக்கரையிற் சென்று அமர்ந்தால் ஞாயிறும் காற்றும் நம் முதுகுப்புறமாக இருக்கும். இரவு மேய்ந்த கூட்டங்கள் ஓய்வுக்குத் திரும்பும் நேரமும் அதுவே. வந்தவை வட்டமிட்டு, காற்றுக்கு முகங்கொடுக்கத் திரும்பும். அஃதாவது நம்மை நோக்கித் திரும்பும். சிறகைக் குடைபோற் குவித்து, காலை முன்னே நீட்டி அவை இறங்கும் காட்சிக்கு, எழும் காட்சி ஈடாகாது என்பது என் கருத்து. மாலையில் மேற்குக் கரையில் நின்றால் நிலைமை மாறும்; எழும் பறவை நம்மைவிட்டு அப்பாற் போதலின் வால்களையே படமெடுக்கலாம். வாகனத்தை விட்டு இறங்காதிருத்தலும் நன்று. வீதியிற் போகும் பேருந்தைப் பொருட்படுத்தாத தாரா, அதிலிருந்து இறங்கித் தன்னை நோக்கி நேரே நடந்து வரும் மனிதனைக் கண்டதும் கழுத்தை நிமிர்த்தும். கழுத்து நிமிர்ந்தால் நாம் நின்றுவிட வேண்டும்.

‘சுடுபவன் உயிரைக் கொள்கிறான், நாம் ஒரு நிமிடம் பறக்கவைக்கிறோம், இதுவும் ஒரு குற்றமா?’ என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். பருந்தொன்று மேலே தோன்றினாலும் அவை எழுகின்றனவே என்றும் சொன்னார். உண்மைதான். ஒருவர் ஒருமுறை எழுப்புவதாற் பறவை அழியாது. ஆனால் விடுமுறை நாளொன்றில் ஒரே கரையிற் பல வாகனங்கள் நிற்கக் கண்டிருக்கிறேன். வந்த ஒவ்வொருவரும் தமக்கென ஒருமுறை எழுப்பினால் அன்று அப்பறவைக்கு உறக்கமில்லை. பருந்து பசிக்கு வருவது. எமக்கு வீட்டிற் சோறு இருந்தது.

விழாவையொட்டி மாணவர்க்கு நிழற்படப் போட்டி நடத்தும் எண்ணம் மன்றத்துக்கு உண்டு என அறிகிறேன். அதில் ஒரு விதி சேர்க்குமாறு வேண்டுகிறேன்: பறவை எவ்வாறு எழுந்தது என்பதைப் படத்தின் பின்புறத்தில் எடுத்தவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும், எழுப்பி எடுத்த படம் எத்துணை அழகாயினும் பரிசுக்கு உரியதன்று. இதனை யார் சோதிப்பது எனக் கேட்பர். உச்சி வேளையிற் பல இனத் தாராக்கள் ஒரே கணத்திற் கழுத்தை நீட்டிக் கமராவை நோக்கி எழுந்திருந்தால், பின்னால் ஒருவர் நின்றிருப்பார் என ஐயுறலாம்; ஆயினும் அது பருந்தாகவும் இருக்கலாம். முடிவாக, மாணவன் சொல்லையே நம்ப வேண்டும். நடுவர் கை உயருமுன் தானே ஆட்டமிழந்தேன் என்று துடுப்பைக் கக்கத்தில் இடுக்கி வெளியேறியவனை எழுந்து நின்று வரவேற்ற மைதானம் நம்முடையது. இவ்விதி அங்கு படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது.

சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எடுத்துவரச் செயலாளரிடம் இசைவு பெற்றுள்ளேன். அதற்குப் பதிலாக வேறொரு படத்தைக் குழுவினர்க்கு அனுப்புகிறேன். கடந்த தை மாதம், வங்காலையில், காலை ஆறேமுக்காலுக்கு எடுத்தது. மூன்று ஊசிவால் தாராக்கள் இறங்குகின்றன. நடுவிலுள்ளது தெளிவாக உள்ளது. இடப்புறத்தது சற்று மங்கல். மூன்றாவதன் சிறகு நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அட்டைக்கு அது போதாது எனின், உள்ளே எங்கேனும் ஒரு மூலையில் இடுக.