விண்டோஸ் 10: வீட்டுக் கணினியைப் பூட்டாமல் விடலாமா?

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காகக் கடன்பட்டுக் கணினி வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல. அப்போது வந்த கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் 10தான் இருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது.

கணினி வழக்கம்போல் இயங்கும். அதனால்தான் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால், புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் இனி தாமாக அடைபடா. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் மட்டும் அதற்கு ஈடாகாது.

2017 மே மாதம் ‘வானாகிரை’ சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. புதுப்பிக்காதவர்களே பெரிதும் மாட்டிக்கொண்டனர்.

விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், பழைய கணினிகள் பல அதை ஏற்பதில்லை. புதிது வாங்க எல்லாராலும் இயலாது. இதற்கு வழி உண்டு. 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. மைக்ரோசாப்ட் கணக்கில் கணினி அமைப்புகளைச் சேமித்து வைத்தால் கட்டணமில்லை. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் பதிவு செய்யலாம்.

அதோடு, திருட்டு மென்பொருளையும் ‘இலவச’ விளையாட்டுகளையும் பிள்ளைகள் பதிவிறக்க விடாதீர்கள். குடும்பப் படங்களைத் தனி வன்தட்டில் நகலெடுத்து, கழற்றி வையுங்கள். புதுப்பிக்காத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்கள்.

கடன்பட்டு வாங்கிய பொருள் அது. காப்பது நம் கையில்தான் இருக்கிறது.