கல்லறை சூட்டிய பெயர்

ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போயிருக்கிறீர்களா? பாதையோரத்தில் நீலம் பாய்ந்த கரும்பாறையைப் பார்த்திருப்பீர்கள். நாம் 'கருங்கல்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பாறை நிபுணர்களோ 'சார்னோக்கைட்' என்கிறார்கள். அந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள்.

கல்கத்தாவில் ஆங்கிலேயரைக் குடியேற்றிய ஜாப் சார்னாக்கின் சமாதி அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற அறிஞர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்தார். அது நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லேதான்! சமாதிக்கு உரியவர் பெயரையே அவர் கல்லுக்கும் சூட்டிவிட்டார்.

நீலகிரியில் இந்தப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதற்கு நேற்று வந்த அயலார் பெயரா என்று முகம் சுளிக்கிறீர்களா? இன்னும் கேளுங்கள். சார்னாக்கைக் கல்கத்தாவின் ஸ்தாபகர் என்று சொல்லக் கூடாதென்று 2003-இல் அந்த ஊர் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. ஊர் கைவிட்ட பெயரை நம் ஊர்க் கல் அல்லவா காப்பாற்றி வைத்திருக்கிறது!

அடுத்த முறை மலையேறும்போது குழந்தைகளுக்கு அந்தப் பாறையைக் காட்டுங்கள். 'கருங்கல்' என்ற நம் பெயரையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.