ஜெனரேட்டர் வாங்கினால் மட்டும் போதாது

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. தொட்டியில் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஊர் ஊராக வாடகை ஜெனரேட்டர்கள் ஓடின. தேவை நியாயமானது. ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரைச் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். மெயினை அணைக்க மறந்தால் 230 வோல்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியே 11,000 வோல்ட்டாக ஏறக்கூடும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் மின் ஊழியரின் உயிருக்கு அதுவே எமன். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இதைத் தடுத்துவிடும்.

அடுத்தது நியூட்ரல். மின்வாரிய சப்ளையில் அது டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் அந்த இணைப்பு கிடையாது. சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் மங்கலாக எரிவதுகூட உண்டு.

ஒற்றை டிரில்லிங் மெஷினை ஓட்ட இந்த அமைப்பு போதும். வீட்டோடு சேர்த்தால் நிலைமை வேறு. எர்த்தில் கசியும் கரண்டுக்கு ஜெனரேட்டருக்குத் திரும்ப வழியில்லை. அதனால் கசிவைக் கண்டு சப்ளையைத் துண்டிக்க வேண்டிய 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகாது. ஆனால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிவிடும்! அந்தச் சோதனை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நடப்பது. எர்த் அதில் வருவதே இல்லை. வீட்டுக்காரர் பாதுகாப்பு இருப்பதாக நம்புகிறார். முதல் கசிவு வெளியே தெரியாமலே தங்கிவிட, இரண்டாவது கோளாறு வரும்போது ஆளை அடிக்கிறது.

டபுள் போல் சுவிட்ச் உள்ள வீட்டில், ஜெனரேட்டரின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்பாக ஒரே இடத்தில் எர்த்தோடு இணைக்க வேண்டும். இன்னோர் இடத்திலும் இணைத்தால் எர்த் ஒயரில் எந்நேரமும் கரண்ட் ஓடும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது.

ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் செய்யப்பட்டதா, இல்லையா என்பதை அதன் மேலேயே தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரை வாடகைக்கு விடுபவர்கள் இணைப்புக் கொடுக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மின்வாரியம் இதை ஊர்தோறும் அறிவிக்க வேண்டும்.