வலையைப் பழுதுபார்க்கும் சொல்: கிறிஸ்தவ வாழ்வில் திருத்தம் யாருக்கு உரியது?

திருத்தத்தைக் குறிக்கத் தமிழ் வேதாகமத்தில் சொற்கள் பல உண்டு: சிட்சை, கடிந்துகொள்ளுதல், புத்தி சொல்லுதல். இந்தியத் திருச்சபைகளின் அன்றாட வழக்கில் இவை பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும் சொற்களாகவே ஒலிக்கின்றன. தந்தை மகனைத் திருத்துகிறார். போதகர் சபையாரைத் திருத்துகிறார். மூத்தோர் இளையோரைத் திருத்துகின்றனர். திருத்துபவரைத் திருத்துவார் யார் என்ற கேள்வி எழுந்தவுடன், 'அன்பு' என்ற சொல் 'பணிவு' என்று பொருள் மாறிவிடுகிறது. திருத்தம் ஒரே திசையில் பாயும் இடத்தில் அதன் பெயர் அன்பன்று, அதிகாரம்.

கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம், தவறியவரைச் சாந்தத்தோடு மீட்டெடுக்கச் சொல்கிறது. அங்கே பவுல் கையாளும் கிரேக்க வினைச்சொல் 'கட்டார்டிட்சோ'. செபெதேயுவின் மைந்தர் படகில் அமர்ந்து வலைகளைச் செப்பனிட்டதைச் சொல்லும்போது மாற்குவும் மத்தேயுவும் ஆள்வது இதே வினைதான். பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில் இடம்பெயர்ந்த மூட்டைப் பொருத்துவதற்கும் இது வழங்கியது. தமிழ் மொழிபெயர்ப்பு வலைக்குப் 'பழுதுபார்த்தல்' என்றும் மனிதனுக்குச் 'சீர்பொருந்தப்பண்ணுதல்' என்றும் இருவேறு சொற்களை ஆண்டதால், இந்த உறவு தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போயிற்று. அறுந்த வலையை மீனவர் எறிந்துவிடுவதில்லை. நாளைக்கும் அந்த வலை வேண்டும் என்பதால்தான் அமர்ந்து முடிச்சிடுகிறார். தவறியவரும் நாளைக்கு வேண்டியவர் என்ற எண்ணம் இல்லாதவர் செய்வது தண்டனையே தவிரத் திருத்தமாகாது.

லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. உள்ளத்தில் பகை வைக்காதே என்பதற்கும், பிறனை உன்னைப்போல் நேசி என்பதற்கும் இடையில்தான் பிறனைக் கடிந்துகொள்ளும் கட்டளை நிற்கிறது. குறையைக் கண்டும் சொல்லாதிருப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். அந்த மௌனத்திலேயே பகை முதிர்வதும் உண்டு.

எப்படிச் சொல்வது என்பதற்கு மத்தேயுவின் 18-ஆம் அதிகாரம் ஒரு வரிசை வகுக்கிறது: முதலில் தனிமையில், பிறகு ஓரிருவரோடு, அதன் பின்னரே சபையில். தவறியவரின் மானத்தைக் காக்கும் அரிய ஒழுங்கு இது. ஆயினும் இதே பகுதி, அநீதிக்கு உள்ளானவரின் வாயை அடைக்கவும் பயன்படுத்தப்படுகிறது. பதவியில் இருப்பவர்மீது புகார் எழும்போது, 'முதலில் அவரிடம் தனியாகப் பேசினாயா?' என்று கேட்பது எளிது. வலியவர் முன் எளியவர் தனியே போய் நிற்பதன் விலையைக் கேட்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கேதான் அந்தியோக்கியா நிகழ்ச்சி இன்றியமையாததாகிறது. புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பர்னபாவும் அவர் வழியே போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே பேதுருவைக் கண்டித்தார். பந்தியிலிருந்து விலகியது பலர் அறிய நடந்த செயல். அதனால் காயப்பட்டவர்களும் அங்கேயே இருந்தனர். அவர்களுக்குத் தெரியாமல் பேதுருவின் காதில் மட்டும் சொல்லியிருந்தால், தலைவரின் மானம் காக்கப்பட்டிருக்கும். எளியவரின் மானம் அவ்வண்ணமே கிடந்திருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், சகோதரத் திருத்தத்தை அன்பின் செயல் என வகுத்தபோது, கீழுள்ளோர் மேலுள்ளோரை மரியாதையோடு திருத்தலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டினார்.

இந்தியத் திருச்சபைக்கு அந்தியோக்கியாவின் பந்தி தொலைவிலுள்ள வரலாறு அன்று. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனே கைவிடுமாறு தென்னிந்தியச் சபைகளுக்கு மடல் எழுதினார். 2003-இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சபைக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என வலியுறுத்தினார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டுச் சபைக்குள் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. மூன்றும் தேவையானவையே, மூன்றும் மேலிருந்து வந்தவை. தனிக் கல்லறையையும் தனி இருக்கையையும் எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக எழுப்பிவரும் குரலோ, ஒற்றுமையைக் குலைக்கும் குரலாகவே பலமுறை கேட்கப்பட்டது. பவுலின் குரலை அந்தியோக்கியாவில் யாரேனும் அவ்வாறே கேட்டிருக்கக்கூடும்.

கீழிருந்து வருவதனாலேயே ஒரு கண்டனம் அன்பாகிவிடாது என்பதும் உண்மை. பிறரின் வீழ்ச்சியை ரசிக்கும் கண்டனம் எத்திசையிலிருந்து வந்தாலும் வலையைக் கிழிக்கவே செய்யும். கலாத்தியர் நிருபம், திருத்துபவர் தம்மையும் எச்சரிக்கையோடு நோக்க வேண்டும் என உடனே சேர்த்துச் சொல்வது இதனால்தான். பந்திக்குத் திரும்பி வா என்ற அழைப்பு உள்ளே இருக்கிறதா என்பதே உரைகல்.

பேதுரு என்ன விடை சொன்னார் என்பதைக் கலாத்தியர் நிருபம் பதிவு செய்யவில்லை. ஆனால் பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம், பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிக்கிறது. அதை எழுதிய கை எதுவாயினும், பலர் முன் கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் சகோதரராகவே நினைக்கப்பட வேண்டும் என்று ஆதிச்சபை விரும்பியது. திருத்தம் ஏற்கும் தலைவரும், அஞ்சாமல் திருத்தும் எளியவரும் ஒரே பந்தியில் அமரும் சபையே அந்த விருப்பத்தை நிறைவேற்றும் சபை.